பட்டறைக் கருவிகளுக்கு அளவெடுத்துச் செய்யும் மரப்பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பராமரிப்புக் கொட்டகையில் பல ஆண்டுகள் பொருத்துநராக இருந்த நான், ஓய்வுக்குப் பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பின்னறையில் கருவிப் பெட்டிகள் செய்து பழகியவன். நண்பர்களுக்குச் சில பெட்டிகளைச் செய்து கொடுத்தேன். தாமே செய்ய விரும்பியவர்களுக்குக் கற்றும் கொடுத்தேன். அவர்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்ததால், அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் சிங்கப்பூரின் ஈரக்காற்றையும் அடுக்குமாடி வீட்டின் இடநெருக்கடியையும் மனத்தில் வைத்து எழுதியவை.

கடையில் பிளாஸ்டிக் பெட்டியும் இரும்புப் பெட்டியும் கிடைக்கும்போது மரத்தில் ஏன் செய்ய வேண்டும்?

எல்லாருக்கும் மரப்பெட்டி வேண்டியதில்லை. கட்டுமானத் தளத்திற்குத் தினமும் கொண்டுபோய், மழையிலும் சிமெண்டுத் தூசியிலும் வைக்க வேண்டிய பெட்டியென்றால் பிளாஸ்டிக்கே நல்லது. உளி, இழைப்புளி, அரம், வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற கூர்முனையும் துல்லியமும் உள்ள கருவிகளுக்குத்தான் மரம் பொருந்தும். மரத்தில் உரசினால் உளியின் வாய் மழுங்குவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை மரம் மெல்ல வாங்கி மெல்ல விடுவதால், இரும்புத் தகட்டின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படியும் நீர் மரப்பலகையில் அவ்வளவு எளிதாகப் படிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டே ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் ஓர் இருக்கையை மரத்தில் செதுக்கிவிடலாம். அமெரிக்காவின் டேட்டன் நகரில் கெர்ஸ்ட்னர் நிறுவனம் 1906 முதல் இயந்திரத் தொழிலாளர்களுக்கான இழுப்பறைப் பெட்டிகளை மரத்தில் செய்துவருவதும், அவை இன்றும் விலைபோவதும் பழைமைப் பற்றால் மட்டும் அல்ல.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கருவிகளிடமிருந்து தொடங்க வேண்டும். “ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பெட்டி” என்று மனத்தில் வைத்துக்கொண்டு பலகை வாங்கப் போகிறவர்கள், பெட்டி முடிந்த பிறகு கருவிகளைத் திணிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, பெட்டிக்குள் போக வேண்டிய கருவிகளை எல்லாம் அதன்மேல் பரப்புங்கள். அவற்றில் கடந்த ஓராண்டில் நீங்கள் கையில் எடுக்காதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை நெருக்கியும் விலக்கியும் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுங்கள். கருவிக்கும் கருவிக்கும் இடையில் விரல் நுழைந்து எடுக்க ஏறக்குறைய 20 மி.மீ. இடைவெளி வேண்டும். இதை மறந்துவிட்டால், பார்க்க அழகாகவும் எடுக்கத் தொல்லையாகவும் ஒரு பெட்டி அமையும்.

அடுத்ததாக, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசைமேல் படுத்திருக்கும் பெட்டியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கியதும் அது நிமிர்ந்துவிடுகிறது. அப்போது கருவிகளின் எடை முழுவதும் அடிப்பலகையிலிருந்து கைப்பிடிக்கு எதிரே உள்ள பக்கப்பலகைக்கு மாறுகிறது. ஆகவே ஒவ்வோர் இருக்கையும் படுத்த நிலை, நிமிர்ந்த நிலை ஆகிய இரண்டிலும் கருவியைத் தாங்க வேண்டும். கனமான இழைப்புளியையும் சுத்தியலையும் நிமிர்ந்த நிலையில் கீழே வரும் பக்கத்திலும், கைப்பிடியின் நடுவுக்கு நேராகவும் அமைத்தால் பெட்டி ஒருபக்கம் சாயாது. தாளில் கோடு இழுத்த பிறகு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு மாதிரி செய்து, கருவிகளை அதில் வைத்து ஒரு முறை நிமிர்த்திப் பாருங்கள். இரண்டு மணி நேர வேலைதான். ஆனால் ஒரு பலகையை வீணாக்குவதிலிருந்து அது உங்களைக் காப்பாற்றும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனி இடம் என்பது அவ்வளவு அவசியமா?

நான் இதை அழகுக்காகச் சொல்லவில்லை. விமானப் பராமரிப்பில் ஒரு ஸ்பேனர் இயந்திரத்திற்குள்ளோ இறக்கைக்குள்ளோ தங்கிவிட்டால் உயிர்கள் போகலாம். அதனால்தான் அங்கே கருவிப் பெட்டியின் தட்டுகளில் ஒவ்வொரு கருவியின் வடிவமும் வெட்டப்பட்டு, அடியில் வேறு நிறம் பளிச்சென்று தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்கவே தேவையில்லை; காலியான இடம் தானாகக் கண்ணில் படும். கப்பல் பட்டறையிலோ வீட்டு மேசையிலோ வேலை செய்கிறவருக்கும் அதே பயன் உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் விழுந்த ஆறு மி.மீ. உளியை ஆறு மாதம் கழித்துத் துருவோடு கண்டெடுப்பதைவிட, அன்று மாலையே அது இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. இருக்கைகளின் அடியில் மஞ்சள் அல்லது சிவப்பு வண்ணம் பூசிவிட்டாலே போதும்.

எந்த மரத்தில் செய்யலாம்?

வெளிக்கூட்டுக்கு என் முதல் பரிந்துரை நல்ல பிளைவுட். முழுமரத்திற்கு அகலவாக்கில் விரிந்து சுருங்கும் இயல்பு உண்டு. பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அது மிகக் குறைவு. கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் உள்ள தகடு. வெட்டுமுகத்தில் ஓட்டையோ இடைவெளியோ தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பால்டிக் பிர்ச் பிளைவுட்டில் 12 மி.மீ. கனத்துக்குள் 9 அடுக்குகள் இருக்கும். விலை கூடுதல் என்றாலும் அதன் ஓரங்கள் பொடியாமல் கூர்மையாக நிற்கும்.

முழுமரத்தில்தான் செய்வேன் என்பவர்களுக்கு மெராந்தி, நியாத்தோ, தேக்கு ஆகியவை நம் பக்கத்தில் பழக்கமானவை. மெராந்தி இலேசானது, அறுக்கவும் எளிது. தேக்கு நிலைத்து நிற்கும்; ஆனால் அதில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், பசை பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் இணைப்பு பிடிக்காமல் போகலாம். செங்கால் மரம் தூணுக்கும் பாலத்துக்கும் ஏற்றது. அதில் பெட்டி செய்தால் காலிப் பெட்டியைத் தூக்கவே கை வலிக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலாவது ஓக். அதிலுள்ள டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைக் கறுக்க வைக்கும். மூடிய பெட்டிக்குள் ஓக் வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவி எஃகையும் ஈயத்தையும் அரிக்கும். மரநாரைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் மலிவான எம்டிஎஃப் பலகையும் வேண்டாம். ஈரம் பட்டால் உப்பிவிடும். அதன் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு மூடிய இடத்தில் உங்களுக்கும் நல்லதல்ல, கருவிக்கும் நல்லதல்ல.

குளிரூட்டிய அறையில் வைத்தால் மரம் பிளந்துவிடுமா?

நம் ஊரில் மரத்துக்குத் தொல்லை கொடுப்பது குளிர்காலமும் கோடையும் அல்ல, குளிரூட்டிதான். சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 82 விழுக்காடு. அந்தக் காற்றில் விட்டுவைத்த மரம் தன் எடையில் சுமார் 15, 16 விழுக்காடு நீரோடு நிலைபெறும். 60 விழுக்காடு ஈரப்பதம் உள்ள குளிரூட்டிய அறைக்குள் கொண்டுபோனால் அது 11 விழுக்காட்டை நோக்கி இறங்கும். 300 மி.மீ. அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை இந்த மாற்றத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. சுருங்கலாம். அந்தப் பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்கியிருந்தால் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. எனவே முழுமரத்தில் மூடி செய்வதென்றால், சட்டத்தில் காடி எடுத்துப் பலகையைப் பசையின்றி அதற்குள் செருகிவிடுங்கள். அதைவிட முக்கியமானது, வாங்கிய மரத்தைப் பெட்டி எந்த அறையில் இருக்கப் போகிறதோ அதே அறையில் மூன்று, நான்கு வாரம் அடுக்கி வைத்துவிட்டுப் பிறகு அறுப்பது.

பழைய சரக்குப் பலகைகளையும் (பேலட்) அடுக்குமாடியின் கீழேயுள்ள வெற்றுத்தளத்தில் கிடக்கும் மரச்சாமான்களையும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம்; பார்த்துப் பயன்படுத்த வேண்டும். நாடு கடந்து வரும் சரக்குப் பலகைகளில், மரம் பூச்சி நீக்கிப் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு முத்திரை இருக்கும். அதில் ‘எச்டி’ (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் பதப்படுத்தியது, அதைத் தொட வேண்டாம். முத்திரை எப்படி இருந்தாலும், எண்ணெயும் இரசாயனமும் கொட்டிய கறை உள்ள பலகையை ஒதுக்கிவிடுங்கள். வீசியெறியப்பட்ட மரச்சாமான்களில் ஊசிமுனைத் துளைகளும், தட்டினால் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று பொருள். மணல்போல் உருண்டையான சிறு துகள்கள் உதிர்ந்தால் அது கரையான். ரப்பர் மரத்தில் செய்த பழைய சாமான்களை இந்தக் கண்ணோடு இரு முறை பார்க்க வேண்டும்.

பலகை எத்தனை கனம் இருக்க வேண்டும்?

பெரும்பாலோர் தேவைக்கு மேல் கனமாகச் செய்துவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். உள்ளளவு 420 மி.மீ. நீளம், 240 மி.மீ. அகலம், மொத்த உயரம் 160 மி.மீ. உள்ள பெட்டியைப் பக்கங்களுக்கு 18 மி.மீ., மேலும் கீழும் 12 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் வெறும் கூடே ஏறக்குறைய 4.2 கிலோ வரும். பக்கங்களுக்கு 12, மேலும் கீழும் 6 என்று குறைத்தால் 2.4 கிலோதான். அந்த 1.8 கிலோ வித்தியாசத்தில் ஒரு நடுத்தர இழைப்புளியை வைத்துவிடலாம். நன்றாக ஒட்டிய 12 மி.மீ. பெட்டியின்மேல் நான் ஏறி நின்று பார்த்திருக்கிறேன். கருவிகளோடு சேர்த்து 10 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால் பெட்டியை இரண்டாகப் பிரித்துவிடுவதே நல்லது. பேருந்து நிறுத்தம் வரை ஒரு கையில் தூக்கிச் செல்லும்போது அதன் அருமை புரியும்.

மூலைகளை எப்படி இணைப்பது?

புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கோக்கும் புறாவால் இணைப்பைக் கையால் வெட்டத் தெரிந்தவர்கள் அதையே வெட்டட்டும். முழுமரத்துக்கு அதைவிட உறுதியானதும் அழகானதும் இல்லை. பிளைவுட்டில் அது தேவையில்லை, அடுக்குகள் பிய்ந்து வரவும் வாய்ப்புண்டு. விரல்களைக் கோத்ததுபோன்ற பல் இணைப்பு பிளைவுட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அதுவும் கடினம் என்றால், ஒரு பலகையின் ஓரத்தில் பாதிக் கனத்துக்குப் படி எடுத்து, மற்றதை அதில் அமர்த்திப் பசையிட்டு, பசை காய்ந்த பின் 6 மி.மீ. மரக்குச்சிகளை வெளியிலிருந்து அடித்துவிடுங்கள். வெள்ளைப் பசையே போதும். ஈரத்தைத் தாங்கும் டி3 வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கிளாம்பை அரை மணியில் கழற்றலாம், ஆனால் 24 மணி நேரம் கழியும் வரை இணைப்பின்மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

மூடியும் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. என்ன செய்வது?

மூடியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் செய்தால் அப்படித்தான் நேரும். பழைய தச்சர்கள் கையாண்ட வழி இதுதான்: ஆறு பக்கமும் மூடிய முழுப் பெட்டியாக ஒட்டி முடித்துவிட்டு, மறுநாள் அதைச் சுற்றிலும் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுத்து மூடியைப் பிரித்தெடுப்பது. ஒரே உடலிலிருந்து பிரிந்தவை என்பதால் மரரேகை உட்பட எல்லாம் பொருந்தும். அறுக்கும்போது நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் முடிக்காமல், நீண்ட பக்கங்களை முதலில் அறுத்து, அந்த வெட்டில் வாளின் கனமுள்ள அட்டைத் துண்டுகளைச் செருகி நாடாவால் கட்டிவிட்டுப் பிறகு குறுகிய பக்கங்களை அறுங்கள். பெட்டி வாளை நெரிக்காது. வாள் தின்னும் கனத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்: கைவாளுக்கு 1 மி.மீ. அளவு, வட்டவாளுக்கு 3 மி.மீ. வரை. பல் இணைப்பாக இருந்தால் கோடு ஒரு பல்லின் நடுவே விழும்படி அந்தப் பல்லை மட்டும் அவ்வளவு அகலமாக வெட்டி வையுங்கள்.

உள்ளே ஃபோம் போடலாமா, துணி போடலாமா?

கடையில் விற்கும் மென்மையான பாலியூரித்தேன் ஃபோம் நம் ஊர் ஈரத்தில் சில ஆண்டுகளில் சிதைந்து, பிசுபிசுப்பான பொடியாகக் கருவிகளில் ஒட்டிக்கொள்ளும். நண்பர் ஒருவரின் வெர்னியரிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு மாலைப்பொழுது ஆனது. ஃபோம்தான் வேண்டும் என்றால் மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் அல்லது இவிஏ வகையை வாங்குங்கள். அது நீரை உறிஞ்சாது. கம்பளி ஃபெல்ட் அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் வேண்டவே வேண்டாம். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் ஓக் மரத்தில் உள்ள அதே டேனின்தான் இருக்கிறது. தோலுறையிலேயே கிடந்த உளி கறை படிந்து வெளியே வருவதற்குக் காரணம் அதுதான்.

என் விருப்பம் வெறும் மரம். 12 மி.மீ. மென்மரத் துண்டில் கருவியின் வடிவத்தை நூல்வாளால் வெட்டி எடுத்து, அந்தத் துண்டை அடிப்பலகைமேல் பொருத்திவிட்டால் இருக்கை தயார். உளிகளுக்கு, பிடி மேலே நிற்கவும் வாய் மூடிய பொந்துக்குள் இறங்கவும் வசதியாக ஒரு சட்டம் செய்யுங்கள். கை நுழையும் வழியில் கூர்முனை இருக்கக் கூடாது. காந்தம் வைத்துப் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காந்தமேறிய உளியும் அரமும் இரும்புத் தூளை வாரிக்கொள்ளும், அளவுக் கருவிகளின் பக்கத்தில் காந்தமே வரக் கூடாது.

பெட்டிக்குள் வைத்தும் துருப்பிடிக்கிறதே, ஏன்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கின்றன. முதலாவது நம் வியர்வை. அதில் உப்பு இருக்கிறது; துடைக்காமல் வைத்த கருவியில் விரல்ரேகை அப்படியே துருவாகப் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கும் முன் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் நனைத்த துணியால் துடைப்பதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. பெட்டியின் மூடியிலேயே அந்தத் துணிக்கு ஓர் இடம் வைத்துவிடுங்கள். அது கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் துடைப்பதில்லை.

இரண்டாவது காரணத்தைச் சிலரே அறிவார்கள். இரவு முழுவதும் 22 டிகிரி குளிரில் இருந்த பெட்டியைக் காலையில் தாழ்வாரத்துக்கோ வேலைத்தளத்துக்கோ கொண்டுபோய் உடனே திறந்தால், குளிர்ந்த எஃகின்மேல் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிந்துவிடும். நம் ஊரில் காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. கண்ணாடி அணிந்தவர்கள் குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கும்போது காணும் அதே மங்கல்தான் உங்கள் இழைப்புளியின் அடியிலும் படிகிறது. வெளியே கொண்டுபோன பெட்டியை ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்து, கருவிகள் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் இது நேராது. மரப்பெட்டிக்குள் சூடு மெதுவாகத்தான் நுழையும் என்பதால் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

மூன்றாவது, உலராத மரமும் முழுதாகக் காயாத பூச்சும். அவசரப்பட்டு அன்றே கருவிகளை வைத்து மூடிவிட்டால், உள்ளே சிக்கிய ஈரமும் ஆவியும் வேறெங்கும் போக வழியில்லை. பெட்டி முடிந்த பிறகு ஒரு வாரம் திறந்தே இருக்கட்டும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும், ஆனால் அதை அவ்வப்போது உலர்த்த வேண்டும். நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரி அளவில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பெரும்பாலானவை மீண்டும் பயன்படும், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைத் தாண்ட வேண்டாம். மூடி சரியாக மூடாத பெட்டியில் அதை வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். நீண்ட நாள் எடுக்காத கருவிகளை, துருவைத் தடுக்கும் ஆவியை வெளியிடும் விசிஐ தாளில் சுற்றிவையுங்கள். பெட்டிக்குள் சூடம் வைக்கும் பழைய பழக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சூடம் எளிதில் தீப்பற்றக்கூடிய பொருள். எண்ணெய்த் துணியும் மரமும் இருக்கும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் இல்லை.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்குப் பொட்டு வைக்கலாமா?

வைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் சந்தனத்தை நீரில் குழைத்து உளியின் தகட்டில் வைத்து, மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்று விட்டுவைத்தால், பொட்டுக்குக் கீழே வட்டமாகத் துரு ஏறிவிடும். எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மூடிக்கும் கருவிகளின் மரப்பிடிக்கும்தான். எஃகுக்கு அன்று புது எண்ணெய் பூசிவிடுகிறோம். அதுவும் ஒரு மரியாதைதானே.

மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்றவற்றுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. மைக்ரோமீட்டரின் இரு முகங்களும் தொட்டபடி இறுக்கி வைக்கக் கூடாது. சூட்டில் உலோகம் விரியும்போது சட்டத்தில் அழுத்தம் ஏறும், இடையில் சிக்கிய ஈரம் முகங்களை அரிக்கும். சிறு இடைவெளி விட்டு, பூட்டுத்திருகைத் தளர்த்தி வையுங்கள். இவற்றை இழைப்புளியும் சுத்தியலும் இருக்கும் தட்டில் வைக்காமல் மேல்தட்டில் தனியே அமர்த்துங்கள்.

கீலும் கைப்பிடியும் விரைவில் கழன்றுவிடுகின்றன. எப்படி உறுதியாக்குவது?

பிளைவுட்டின் ஓரத்தில் திருகாணி நிற்காது. அடுக்குகளுக்கு இடையே அது ஆப்புபோல் இறங்கி அவற்றைப் பிரித்துவிடும். கீல் வரும் இடத்தில் உட்புறமாக 15 மி.மீ. முழுமரச் சட்டம் ஒன்றை ஒட்டி, திருகாணி அதற்குள் இறங்கும்படி செய்யுங்கள். முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். பித்தளைத் திருகாணி என்றால் முதலில் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை ஒரு முறை ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டுப் பிறகு பித்தளையைப் போடுங்கள்; நேராக ஏற்றினால் தலை முறிந்துவிடும். கைப்பிடியைத் திருகாணியால் அல்ல, பலகையை ஊடுருவி உட்புறம் வாஷரோடு முறுக்கும் போல்ட்டால் பொருத்துங்கள்.

எந்தப் பூச்சு நல்லது?

வெளிப்புறத்துக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு பூச்சு. உட்புறத்துக்கு அரக்கை எரிசாராயத்தில் கரைத்த பூச்சு சிறந்தது. விரைவில் காயும், மூடிய பெட்டிக்குள் வாடை தங்காது. மழை பெய்துகொண்டிருக்கும் மாலையில் அதைப் பூச வேண்டாம், ஈரத்தை வாங்கி வெண்படலமாக மாறிவிடும். ஆளிவிதை எண்ணெயை உட்புறம் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

அந்த எண்ணெயை வெளிப்புறத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அது நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், காயும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, யாரும் தொடாமலே தீப்பிடிக்கும். துணியைத் தட்டையாக விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். குப்பைத் தொட்டிக் குழாயில் அதை ஒருபோதும் போடாதீர்கள். உங்களுக்குக் கீழே பத்து மாடிக் குடும்பங்கள் உறங்குகின்றன.

வீவக வீட்டில் இந்த வேலையைச் செய்ய இயலுமா?

இயலும், வேலையைப் பிரித்துக்கொண்டால். பெரிய தகட்டை மின்தூக்கியில் ஏற்றும் பாடு வேண்டாம். வாங்கும் இடத்திலேயே அளவுத்தாளைக் கொடுத்து அறுத்து வாங்குங்கள். அளவைக் கருவியிலிருந்தே எடுத்திருப்பதால் வெட்டும் பட்டியல் உங்களிடம் தயாராக இருக்கும். எஞ்சுவது கைவாளும் உளியும் உப்புத்தாளும்தான். வீட்டுப் புதுப்பிப்பில் இரைச்சல் மிகுந்த வேலைகளுக்கு வீவக வகுத்திருக்கும் நேரம் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை; மின்வாளையும் காடி எடுக்கும் ரூட்டரையும் இயக்க நானும் அதையே எல்லையாக வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முதலில் போய் ஒரு சொல் சொல்லிவிட்டு வருவது வழக்கம். தாழ்வாரத்தில் பலகைகளை அடுக்கி வைக்க வேண்டாம். தீ நேர்ந்தால் மக்கள் வெளியேற அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். மரத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும்.

மரமும் கீலும் எங்கே கிடைக்கும்?

சுங்கை காடுட் வட்டாரம் நெடுங்காலமாக மரக்கடைகளும் மரச்சாமான் பட்டறைகளும் நிறைந்த இடம். அங்கே சிறு துண்டுகளைக் கேட்டால் எல்லாரும் கொடுக்கமாட்டார்கள், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கீல், கொண்டி, திருகாணி வகைகளுக்கு ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகள். பழைய உளிகளும் இழைப்புளிகளும் சுங்கை ரோடு சந்தையில் அள்ளக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. என் பெட்டியிலிருக்கும் 18 மி.மீ. உளி அங்கே, தரையில் விரித்த தார்ப்பாயில் கிடந்ததுதான்.

நானே செய்யாமல் தச்சரிடம் கொடுத்தால் என்ன சொல்ல வேண்டும்?

அளவுகளை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். கோடு இழுத்த தாளையும் அட்டை மாதிரியையும் கொடுங்கள். முடிந்தால் கருவிகளையே ஒரு நாள் விட்டுவிட்டு வாருங்கள். சொன்ன அளவு உள்ளளவா வெளியளவா என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் 24 மி.மீ. குறைந்து, வாள் உள்ளே நுழையாத பெட்டி ஒன்றைப் பெற்றுக்கொண்டவரை எனக்குத் தெரியும். பிளைவுட் 12 மி.மீ. என்று விற்றாலும் உண்மையில் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், வாங்கிய தகட்டை வெர்னியரால் அளந்த பிறகே இணைப்புகளை வெட்டச் சொல்லுங்கள்.

பிறகு புதிய கருவி வாங்கினால் இடத்துக்கு எங்கே போவது?

இருக்கைத் துண்டுகளை அடிப்பலகையில் பசையிட்டு ஒட்டாமல் திருகாணியால் மட்டும் பிணைத்து வையுங்கள். புதிய கருவி வந்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வேறொன்று வெட்டிப் போடலாம். நான் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடத்தை எதுவும் செதுக்காமல் விட்டுவிடுவேன். என் சொந்தப் பெட்டியில் அந்த இடத்தில் இப்போது பேரனின் சிறு சுத்தியல் இருக்கிறது.